குறுக்குப் பூட்டு

“மக்கா…”

அவ்வளவுதான். இரண்டு விநாடிக் குரல் பதிவு. அதற்கு முன்னால் தகரத்தில் ஏதோ மோதுகிற சத்தம் ஒன்று. யோகலட்சுமி செல்போனைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தாள். காலையிலிருந்து இருபதாவது தடவை.

“இன்னும் ஒருவாட்டி கேட்டீங்கன்னா அந்த ஆளே போனுக்குள்ள இருந்து இறங்கி வந்துருவாரு மேடம்,” என்றான் வீரபாகு.

“வந்தா நல்லதுதான்வே. நம்ம வேலை முடிஞ்சிரும்.”

வியாழக்கிழமை காலை, குற்றாலம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவி ரோட்டில் ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனம் அலைமோதியது. குளித்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள், தின்றவர்கள் குளிக்கப் போனார்கள். யாருக்கும் எந்தக் கவலையும் இல்லை. யோகலட்சுமிக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சப் இன்ஸ்பெக்டராக இருந்தபோது மேலதிகாரி ஒருவரின் கன்னத்தில் ஐந்து விரலையும் பதித்துவிட்டு வெளியே வந்தவள். இப்போது தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்றால் அவளும் வீரபாகுவும்தான். வீரபாகு குற்றாலத்தில் பதினெட்டு வருஷம் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்தவன். முகம் மறந்தாலும் முதுகை மறக்க மாட்டான். கையைவிட வாய் வேகம்.

தேடுகிற ஆள் பலவேசம். கூட்டுக் குப்பைக் கிடங்கின் மேற்பார்வையாளர்.

அது என்ன கூட்டு என்று சொல்லிவிட வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐந்து ஊர்கள். குளத்திலும் ஓடையிலும் குப்பையைத் தட்டி, கோர்ட்டில் குட்டு வாங்கி, இனித் தனித்தனியாக இடம் கிடைக்காது என்று தெரிந்தபிறகு ஒன்றாகச் சேர்ந்து ஒரே கிடங்கு வைத்தன. ஊர்ப் பெயர்களைச் சொன்னால் ஐந்து ஊர்க்காரர்களும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். லாரிக்கு ஊருக்கொரு நிறம் அடித்திருக்கிறார்கள், சிவப்பு, வெள்ளை, ஊதா, கறுப்பு, மஞ்சள் என்று. நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம்.

திங்கட்கிழமை மத்தியானம் மஞ்சள் ஊர் லாரியைப் பலவேசம் திருப்பி அனுப்பினார். சோறு, சிரட்டை, பிளாஸ்டிக் எல்லாம் ஒரே சாக்கில் கிடந்தன. பிரித்துக் கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். லாரி டிரைவர் மாரிச்செல்வம் நாலு பேர் முன்னால், “உன்னையும் சேத்து அள்ளிப் போட்டுருவேன்லே,” என்று கத்திவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் பலவேசம் வீடு திரும்பவில்லை. ஏழு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஐந்து ஊர்த் தூய்மைப் பணி வாட்ஸப் குரூப்பில் இந்த ‘மக்கா’ வந்து விழுந்தது. அதோடு போன் அணைந்துவிட்டது. குரூப்பில் அறுபத்து மூன்று பேர். பதில் போட்டால் அந்த வேலை தன் தலையில் விழும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பதினாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

மறுநாள் பலவேசத்தின் மனைவி சுகந்தி போலீஸில் மாரிச்செல்வத்தின் பெயரைச் சொன்னாள். அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். எங்கே புதைத்தாய் என்று கேட்டு அடித்தார்கள். அவன் சொல்லவில்லை. ஜேசிபியை வைத்துக் கிடங்கின் உரக்குவியல் முழுவதையும் புரட்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் சுகந்தி யோகலட்சுமியின் படியேறி வந்தாள்.

“அவரு சுகர்காரரு மேடம். ரெண்டு வேளையும் இன்சுலின் போடணும். ஊசி இல்லாம ரெண்டு நாளு ஆச்சு. மாரிச்செல்வம் எங்கனயோ கட்டிப் போட்டிருக்கான். எப்படியாவது அவர எனக்கு உயிரோட தாங்க,” என்றாள். அழவில்லை. ஐஸ் கட்டி போட்ட ஒரு டப்பாவில் இன்சுலின் ஊசியைக் கையோடு வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே கிடைத்தாலும் அங்கேயே போட்டுவிடலாம் என்று.

பலவேசம் பிறந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். அந்தப் பக்கத்து ஆட்களை மட்டும்தான் ‘மக்கா’ என்பார். தென்காசி வட்டாரத்தில் அவருக்குப் பழக்கமான அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டே பேர். ஒருவன் மாரிச்செல்வம், லாக்கப்பில் இருந்தான். இன்னொருவன் கைலாசம், ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ் வாட்ச்மேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து அவனைப் பிடித்தார்கள்.

கைலாசம் ஒரு காலில் மாவுக்கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தான்.

“திங்கக்கிழமையா? பாறையில வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். நேத்துதான் விட்டாங்க. வேணும்னா சீட்டு காட்டுதேன்.”

வீரபாகு குனிந்து அவன் கெண்டைக்காலை ஒரு அழுத்து அழுத்தினான். கைலாசம் அலறினான்.

“உண்மையான வலிதான் மேடம். நடிச்சா சதை இப்படித் துடிக்காது.”

“ஏம்வே, சீட்டப் பாத்தா போதாதா?”

“சீட்டு பொய் சொல்லும். சதை சொல்லாது.”

இரண்டு மணி நேரம் வீண். யோகலட்சுமி ஒரு பெட்டிக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள். கோபம் கைலாசத்தின் மேல் இல்லை, தன் மேல்தான். ஒருவனைக் கூப்பிட வேண்டுமென்றால் அவன் நம்பருக்கல்லவா கூப்பிடுவான்? அறுபத்து மூன்று பேர் இருக்கிற குரூப்பில் போட்டு ஏன் கூப்பிடுகிறான்? இது நேற்றே அவளைக் குடைந்தது. குடைந்தும் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் குப்பை வண்டி வந்தது.

பேட்டரி வண்டி. தலைக்கு மேலே ஒரு ஒலிபெருக்கி. சாரலில் நனைந்த குரல் கரகரத்தது.

“அன்பான பொதுமக்களே! மக்கும் குப்பையைப் பச்சைத் தொட்டியிலும், மக்கா… மக்கா… மக்கா…”

பதிவு சிக்கிக்கொண்டது. வண்டி நகர்ந்துகொண்டே மக்கா, மக்கா என்று கூவியது. அருவிக்குப் போய்க்கொண்டிருந்த நாகர்கோவில் பையன்கள் ஜட்டியோடு நின்று, “என்ன மக்கா? சொல்லு மக்கா!” என்று திருப்பிக் கத்தினார்கள். தெருவே சிரித்தது. வீரபாகுவும் சிரித்தான்.

யோகலட்சுமி சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

“வீரபாகு. அவர் யாரையும் கூப்பிடலவே.”

“என்ன மேடம்?”

“எங்க இருக்கேன்னு சொன்னாரு. மக்காத குப்பை ஷெட்டுல இருக்கேன்னு சொல்ல வந்து, பாதியில விரல் வழுக்கியிருக்கு. விரல எடுத்தா வாட்ஸப்புல அதுவரைக்கும் பேசினது மட்டும் போயிச் சேந்துரும்லா. குரூப்புல போட்டது ஏன்னா, யாராவது ஒருத்தர் வந்து கதவத் தொறக்கணும். அவருக்கு ஆள் முக்கியமில்ல, கதவுதான் முக்கியம்.”

வீரபாகுவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

வண்டியை ஓட்டிய பெண் இறங்கி ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருந்தாள். சட்டையில் பெயர் அட்டை: ஜெபமலர், தூய்மைப் பணியாளர். யோகலட்சுமி நேரே அவளிடம் போனாள்.

“கெடங்குல மக்காத குப்பை ஷெட்டு எந்தப் பக்கம் இருக்கு?”

ஜெபமலர் வெலவெலத்துத் திரும்பினாள். அந்தக் கேள்விக்கு இவ்வளவு பயம் தேவையில்லை.

“எதுக்குக் கேக்குதீங்க?”

“அங்க ஒரு ஆளு இருக்காரு.”

ஜெபமலரின் கை ஒலிபெருக்கியிலிருந்து நழுவி இறங்கியது.

“இன்னுமா?” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு யோகலட்சுமி அவளை அடித்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“செவ்வாக்கிழமை காலையில நான் அங்கன டூட்டி அக்கா. ஷெட்டுக்குப் பின்னால பெருக்கிட்டிருந்தேன். பக்கத்துல உரம் சலிக்கிற மெஷின் ஓடுது, போலீசு ஜேசிபி ஓடுது. ஒரு எழவும் கேக்கல. ஆனா தகரத்துல கை வச்சேன் பாருங்க, உள்ள இருந்து யாரோ தட்டுதாங்க, கையில தெரியுது. நான் ரெண்டு தட்டு தட்டினேன். உள்ள இருந்தும் ரெண்டு தட்டு. ஓடிப்போயி மந்திரமூர்த்தி சார்கிட்ட சொன்னேன்.”

“யாரு அது?”

“கிடங்குக்கு ஒருங்கிணைப்பாளர். அஞ்சு ஊருக்கும் பொது ஆபீசரு. லெட்டர் போட்டாச்சு, நீ உன் வேலையப் பாருன்னாரு. மத்தியானமே என்னைய இங்கன சீசன் டூட்டிக்கு மாத்திட்டாங்க. லெட்டர் போட்டாச்சுன்னா தொறந்திருப்பாங்கன்னு…”

“போலீஸ்ல சொல்லலாம்லா?”

“பெரிய ஆபீசரு லெட்டர் போட்டதுக்கு மேல நான் என்னக்கா சொல்ல?”

யோகலட்சுமி அதற்குள் ஸ்கூட்டரில் இருந்தாள். வீரபாகு பின்னால் ஏறுவதற்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது. ஓடி ஏறினான்.

வழியெல்லாம் சுற்றுலா வேன்கள். ஒரு பஸ் குறுக்கே நின்று ஆள் இறக்கியது. ஹாரன் அடித்து அடித்து யோகலட்சுமியின் கட்டைவிரல் மரத்துப்போனது. வீரபாகு சுகந்திக்குப் போன் போட்டான். கிடங்குக்கு வாங்க, ஊசியக் கொண்டு வாங்க என்றான். அடுத்து இன்ஸ்பெக்டருக்கு. அவர், “கெடங்கு முழுக்கப் பாத்தாச்சே, அந்த ஷெட்டு வெளிய பூட்டியிருக்கு, உள்ள போயி ஒருத்தன் வெளிய பூட்ட முடியுமாவே?” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “வாரேன்,” என்றார்.

கிடங்கு வாசலில் பெரிய பலகை. ஐந்து கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கிற படம், கீழே ‘ஒன்றுபட்டோம், தூய்மை கண்டோம்’. மந்திரமூர்த்தி குடையோடு ஓடி வந்தார். ஐம்பது வயது. இஸ்திரி கலையாத சட்டை. கக்கத்தில் ஒரு பைல்.

“மேடம், பார்வையாளர் பதிவேட்டுல கையெழுத்து…”

யோகலட்சுமி அவரைத் தாண்டிப் போய் ஷெட்டின் இரட்டைக் கதவு முன்னால் நின்றாள். கதவின் இரண்டு வளையங்களையும் சேர்த்து ஒரு சங்கிலி. சங்கிலியில் ஐந்து பூட்டுகள்.

“என்னவே இது? கதவா, நேந்து பூட்டுத் தொங்கவிடுற கோயில் மரமா?” என்றான் வீரபாகு. குரலில் விளையாட்டு இல்லை. பழக்கதோஷத்தில் வாய் சொன்னது.

“அஞ்சு ஊருக்கும் சம உரிமை,” என்றார் மந்திரமூர்த்தி. “ஒரு பூட்டுல இன்னொரு பூட்டு, அதுல இன்னொன்னுன்னு கோத்து, சங்கிலியோட ரெண்டு முனையையும் இணைச்சிருக்கோம். எந்த ஊர்க்காரன் தன் பூட்டத் தொறந்தாலும் சங்கிலி அவுந்துரும். யாரும் யாரையும் நம்பி நிக்க வேண்டாம். நல்ல ஏற்பாடு.”

யோகலட்சுமி பூட்டுகளைக் கையில் தாங்கிப் பார்த்தாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாலு பூட்டுகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் வண்ணம் பூசிய ஐந்தாவது பூட்டு மற்றதைத் தாண்டி, சங்கிலியின் இரண்டு முனையையும் நேராகக் கவ்வியிருந்தது.

“இந்தப் பூட்டு குறுக்க போட்டிருக்கு. இப்ப மத்த நாலு சாவியும் எதுக்கும் உதவாது. அப்படித்தான?”

“குறுக்குப் பூட்டும்பாங்க மேடம். பிளாஸ்டிக்கக் கட்டுற மெஷின் உள்ள ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. காலையில மொதல்ல தொறக்கவனுக்கு மெஷின் மொதல்ல. அதனால சாயங்காலம் கடைசியா போறவன் தன் பூட்டக் குறுக்க போட்டுட்டுப் போயிருவான். அஞ்சு ஊருமே செய்யுதாங்க. நானும் எத்தனையோ கூட்டத்துல…”

“உடைங்க.”

“மேடம், கூட்டுச் சொத்து. ஒரு ஊரு பூட்ட இன்னொரு ஊரு தொடக்கூடாது.”

“நான் எந்த ஊரும் இல்லவே,” என்றான் வீரபாகு. சுவரில் சாய்ந்திருந்த கடப்பாரை அவன் கைக்கு வந்துவிட்டது. பூட்டில் மாட்டி இரண்டு தடவை நெம்பினான். மஞ்சள் பூட்டு தெறித்துச் சேற்றில் விழுந்தது.

கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கட்டுகள் மனித உயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை சாயங்காலம் மஞ்சள் ஊர் லாரி பிரித்துக் கொண்டுவந்து கடைசியாக இறக்கியவை. அவற்றை உருட்டித் தள்ளிக்கொண்டு இருவரும் உள்ளே புகுந்தார்கள். இருட்டும் புளித்த நாற்றமும். கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை. அதிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஐஸ்கிரீம் கப்புகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது.

அதற்கு அப்பால், பின்சுவரில் முதுகை வைத்து, பலவேசம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு பிரித்துக் கிடந்தது. அதிலிருந்த சோற்றையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை திருப்பி அனுப்பிய லாரியின் சாக்கு. சாட்சிக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே வந்து பிரித்துப் பார்த்திருக்கிறார். போன் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து பேட்டரியும் தீர்ந்திருக்கிறது. மழைச் சத்தத்தில் கதவு சாத்தியது கேட்டிருக்காது.

“அண்ணாச்சி,” என்று யோகலட்சுமி அவர் தோளைத் தொட்டாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

வீரபாகு முழங்காலிட்டு உட்கார்ந்தான். பலவேசத்தின் கையை எடுத்தான். பதினெட்டு வருஷம் உடம்பு தேய்த்த விரல்கள் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒருமுறை போய்வந்தன. கையை மடக்கினான், நீட்டினான். அப்புறம் அந்தக் கையை மெதுவாக மடியில் வைத்துவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே இருந்தான்.

“சொல்லும்,” என்றாள் யோகலட்சுமி.

“இன்னும் சூடு இருக்கு மேடம். கை மடங்குது. ரொம்ப நேரம் ஆகல. இன்னைக்குக் காலையிலதான்.”

அவளுக்குக் கைலாசத்தின் மாவுக்கட்டு ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேரம் அந்த லாட்ஜ் வாசலில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோமே என்று நெஞ்சு எரிந்தது. ஒரு வார்த்தையை உள்ளூர்க்காரியாகக் கேட்காமல் குப்பைக்காரியாகக் கேட்டிருந்தால் இந்த ஆள் பிழைத்திருப்பார். தண்ணீர் இருந்தது. ஒரே ஒரு ஊசிதான் இல்லை.

வெளியே வந்தபோது மந்திரமூர்த்தி குடைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் தயாராக இருந்தார். பைலைப் பிரித்து நீட்டினார்.

“என் மேல குத்தமில்ல மேடம். பாருங்க. தகவல் வந்த பத்தாவது நிமிஷம் அஞ்சு ஊருக்கும் லெட்டர் போட்டிருக்கேன்.”

யோகலட்சுமி வாங்கி வாசித்தாள். செவ்வாய்க்கிழமை தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. ‘ஷெட்டினுள் எவரோ தட்டுவதாகத் தூய்மைப் பணியாளர் ஒருவர் தெரிவித்துள்ளார். மேற்படி மஞ்சள் பூட்டை உடைக்க ஆட்சேபணை ஏதும் இல்லையெனில் உடன் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

பின்னால் பதில்கள் கோத்திருந்தன. சிவப்பும் ஊதாவும் கறுப்பும் ஆட்சேபணை இல்லை என்றன. வெள்ளை ஊர், ‘உள்ளே இருப்பவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்பதைத் தெளிவுபடுத்தவும்’ என்று கேட்டிருந்தது. மஞ்சள் ஊர், பூட்டு ஊரின் உடைமை என்பதால் வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் பொருளாக வைத்துத் தீர்மானிக்கப்படும் என்றிருந்தது.

“உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சுதான் இத எழுதினீரா?”

“நாயா இருக்கும்னு நெனச்சேன் மேடம்.”

“நாய்க்கு ரெண்டு தட்டுக்கு ரெண்டு தட்டு தட்டத் தெரியுமாவே?”

மந்திரமூர்த்தியின் வாய் கோணியது. “போன மாசம் இதே ஷெட்டுல புகை வந்துச்சு. சிவப்புப் பூட்ட வெட்டித் தீய அணைச்சேன். அதுக்கு மெமோ குடுத்தாங்க மேடம். இன்னும் விசாரணை நடக்குது. இன்னொரு பூட்ட வெட்டினா வேலை போயிரும். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. நாளைக்கு மஞ்ச ஊரு தீர்மானம் வந்துரும்னுதான் இருந்தேன்.”

“வந்துரும்லா? நாளைக்குத் தொறந்திருப்பீரு.”

“ஆமா மேடம்,” என்றார் அவர், உண்மையாகவே.

வீரபாகு கடப்பாரையைத் தரையில் போட்டான். கையில் வைத்திருந்தால் என்ன செய்வோமோ என்ற பயத்தில் போட்டது போல இருந்தது.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே சுகந்தி, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு.  அவள் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். ஷெட்டுக்குள் போனாள்.  அப்புறம் ஒரே ஒரு அலறல். திரும்பி வந்தபோது கையில் டப்பா இல்லை.

இன்ஸ்பெக்டர் சேற்றிலிருந்து மஞ்சள் பூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

“மஞ்சப் பூட்டு! இதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்?”

“மஞ்ச ஊரு டிரைவர்கிட்ட,” என்றார் மந்திரமூர்த்தி. “மாரிச்செல்வம்.”

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து உயர்த்திக் காட்டினார். மாரிச்செல்வத்திடம் பிடுங்கியவை. ஒரு சீப்பு, ஒரு செல்போன், மஞ்சள் கயிறு கட்டிய ஒரு சாவி.

“பாத்தீரா? சாவி நம்ம கஸ்டடியிலதான் இருக்கு. பூட்டினவன் அவன்தான். கேஸ் முடிஞ்சிது.”

“நான் அன்னைக்கே சொன்னேன்லா சார்!” சுகந்தி வெறி பிடித்தவள் போல நெஞ்சில் அறைந்துகொண்டாள். “அவன்தான்னு சொன்னேன்லா! வேணும்னே வச்சுப் பூட்டியிருக்கான் பாவி!”

யோகலட்சுமி அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக ஸ்டேஷன் மேஜை டிராயரில் கிடந்த சாவி. அதன் பக்கத்திலேயே வைத்து ஒருவனை, பலவேசம் எங்கே என்று கேட்டு அடித்திருக்கிறார்கள்.

“உள்ள ஆளு இருக்குதுன்னு மாரிச்செல்வத்துக்குத் தெரியாது சார்,” என்றாள். “தெரிஞ்சிருந்தா மொத அடியிலயே சொல்லியிருப்பான். ஸ்டேஷன்ல என்ன சொன்னான்?”

இன்ஸ்பெக்டர் கழுத்தைச் சொறிந்தார். “கெடங்கத் தொறக்கப் போகணும், சாவி என்கிட்ட இருக்கு, விடுங்க விடுங்கன்னு கத்தினான். தப்பிக்கப் பாக்குதான்னு நெனச்சு… ரெண்டு சேத்துப் போட்டோம்.”

வீரபாகு யோகலட்சுமியின் காதருகே குனிந்தான். “மேடம், இதோட விட்டுருங்க. அந்தப் பிள்ள அவன்தான்னு நெனச்சு ஆறிக்கிடட்டும். இதுக்கு மேல தோண்டாதீங்க. உங்க கால்ல விழுதேன்.”

அவன் எதைச் சொல்கிறான் என்று யோகலட்சுமிக்குத் தெரியும். கடைசி முடிச்சு அவள் கையிலும் அப்போதுதான் அவிழ்ந்திருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் சுகந்திக்கு ஒரு எதிரி மிச்சம் இருப்பான். அப்படிப் பிழைத்துக் கிடப்பாள். ஆனால் அதற்கு ஒரு அப்பாவி ஜெயிலில் கிடக்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு இடத்தில் அவள் நின்றதில்லை.

ஆனால் சுகந்தியே கேட்டாள்.

“வேணும்னு பூட்டலன்னா எதுக்குப் பூட்டினான்?”

“எல்லா ஊர்க்காரனும் அப்படித்தான் செய்வாங்க சுகந்தி. தன் பூட்டக் குறுக்கப் போட்டுட்டுப் போனா, மறுநாள் காலையில தான்தான் மொதல்ல வந்து தொறக்கலாம். மெஷின் மொதல்ல கெடைக்கும்.”

“மறுநாள் காலையிலயே தொறந்துருவானா?”

யோகலட்சுமி தலையாட்டினாள்.

“எத்தன மணிக்கு?”

“ஆறரைக்கு மேடம்,” என்றார் மந்திரமூர்த்தி. இந்த ஒரு கேள்விக்காவது தன்னிடம் சரியான பதில் இருக்கிற நிம்மதி அவர் குரலில் இருந்தது. “குறுக்குப் பூட்டு போட்டவன் ஆறரைக்கு டாண்ணு வந்துருவான்.”

சுகந்தி சுற்றிலும் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் கவரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“செவ்வாக்கிழமை விடியக்காலம் நான் ஸ்டேஷனுக்குப் போனேன்,” என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி. “நீங்க என்னைய ஜீப்புல கூட்டிட்டுப் போனீங்க சார். அவன் தெருவுல லாரிய ஸ்டார்ட் பண்ணிட்டு நின்னான். மணி ஆறேகால் இருக்கும். கையில இந்தச் சாவிதான் இருந்துச்சு. நான்தான் கை காட்டினேன்.”